மீன்தொட்டி நிற்கும் தளம் தாங்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த வண்ணமீன் வளர்ப்புக் கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோருமே படித்தோம். தீனி, தண்ணீர் மாற்றுவது எல்லாம் விளக்கமாக இருந்தது. தொட்டி நிற்கும் தளத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. போன வருடம் என் கணவர் அரோவானா என்ற பெரிய வகை மீன் வளர்க்க ஆசைப்பட்டு, கொளத்தூரில் சொல்லிச் செய்து ஒரு தொட்டி வாங்கி வந்தார். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். ஹாலுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே தடுப்பு மாதிரி வைத்தோம். பார்க்க அவ்வளவு அழகு. "12 மி.மீ. கண்ணாடி, பயப்படவே வேண்டாம்" என்றார் விற்றவர்.

தொட்டி என்றாலே எல்லோரும் கண்ணாடி உடைவதைத்தான் நினைக்கிறோம். 2022 டிசம்பரில் பெர்லின் ஓட்டல் ஒன்றில் 10 லட்சம் லிட்டர் தொட்டி வெடித்த படங்களைப் பார்த்ததால் என் பயமும் அதுவாகவே இருந்தது. ஆனால் ஒரு மாதம் கழித்துக் கீழ்வீட்டு அம்மா வந்து, "எங்க ஹால் மேல கோடு மாதிரி தெரியுதும்மா, வந்து பாரேன்" என்றார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 24 கன அடி என்றால் சுமார் 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. கண்ணாடி 120 கிலோ வரும். மணல், கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 900 கிலோவைத் தாண்டுகிறது. அப்புறம் எங்கே தூக்கம்?

உறவுக்கார இன்ஜினீயர் ஒருவர் வந்து பார்த்தார். விரிசல் பூச்சில்தான், காங்கிரீட்டில் இல்லை என்றார். உயிர் வந்தது. ஆனாலும் தொட்டி அங்கே இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டு அறைகளில் ஆட்கள், சாமான்களின் எடையைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று வைத்துத்தான் தளம் போடுகிறார்களாம். எங்கள் தொட்டி நின்றதோ ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதலான இடத்தில். பக்கத்துத் தளமும் சேர்ந்து தாங்குவதால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் வீட்டுக்கு வரும் கூட்டம் போல அந்த எடை வந்துவிட்டுப் போவதில்லை. இரவும் பகலும் அங்கேயே நிற்கிறது. அப்படி நின்றால் காங்கிரீட் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும் என்றார்.

தொட்டியைக் காலி செய்து, பில்லர் ஓரமாக, அடியில் தளத்தைத் தாங்கும் பீம் ஓடுகிற சுவரை ஒட்டி மாற்றினோம். ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது அங்கே தரை அரை சென்டிமீட்டர் சரிந்திருந்தது. ஸ்டாண்டைச் சமப்படுத்தி, தெர்மாகோல் விரித்த பிறகுதான் தண்ணீர் நிரப்பினோம்.

பெரிய தொட்டி விற்பவர்கள் "எத்தனையாவது மாடி? கீழே பீம் எங்கே போகிறது?" என்று கட்டாயம் கேட்க வேண்டும். வாங்குபவரும் வரைபடத்தோடு ஓர் இன்ஜினீயரைப் பார்த்துவிட்டே முன்பணம் கொடுக்க வேண்டும். உங்கள் அடுத்த இதழில் ஒரு கட்டட இன்ஜினீயரை இதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். எங்கள் குடியிருப்பிலேயே நான்காவது மாடிக்காரர் எட்டடித் தொட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார். என் கணக்கை அவரிடம் காட்டினேன். இப்போது பில்டரிடம் வரைபடம் கேட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை-11