மூன்று ஊர் எதற்கு, இரண்டு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் இங்கிலாந்தின் பழைய இடங்களைச் சுற்றிப் பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குழுவோடு, வழிகாட்டி வைத்து, கோச் பஸ்ஸில் போவது வெட்டி வேலை, தனியாகப் போவதுதான் பயணம் என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது நானும் அப்படி ஒரு கோச்சில் ஏறியவள்தான். வழிகாட்டி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோளாறெல்லாம் ஒரே பகலுக்குள் வின்ட்சர் கோட்டை, ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம், பாத் நகரம் என்று மூன்றையும் திணிப்பதில்தான்.

வழிகாட்டி எதற்கு என்பவர்கள் பாத் நகரத்து ரோமானியக் குளத்தைப் பார்க்க வேண்டும். விவரம் தெரியாமல் போனால், 'என்ன இப்படிப் பாசி பிடித்துக் கிடக்கிறது' என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். ரோமானியர் காலத்தில் அதற்கு மேலே கூரை இருந்ததாம். வெயில் படாததால் பாசியும் இல்லையாம். 46 டிகிரி சூட்டில் நாளுக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல் இன்றைக்கும் தானாக ஊறி வருகிறது அந்தத் தண்ணீர்.

உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் சின்னச் சின்ன ஈயத் தகடுகள் வைத்திருக்கிறார்கள். சுருட்டிக் கிடந்ததைப் பிரித்ததால் கசங்கலாக இருக்கின்றன, மேலே கிறுக்கல் எழுத்து. வழிகாட்டி நிறுத்திக் காட்டாவிட்டால் கடந்து போயிருப்பேன். எல்லாம் சூலிஸ் மினர்வா என்ற தேவிக்கு எழுதிய பிராதுகள்! டொசிமெடிஸ் என்றொருவர் தன் இரண்டு கையுறைகள் களவு போனதற்கு, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்று எழுதி ஊற்றுக்குள் போட்டிருக்கிறார். கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் காசு வெட்டிப் போடுவதைப் பார்த்த எனக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கையுறைக்குப் போய்க் கண்ணைக் கேட்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அந்த ஊர்க் குளிர் அப்படி.

இன்னும் இரண்டு தகடு பார்க்கலாம் என்பதற்குள் கோச்சுக்கு நேரமாகிவிட்டது. ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. இந்த மூன்று ஊரையும் சுற்றி லண்டன் திரும்ப 350 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. நாலரை மணி நேரம் வண்டி ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். நம் ஆட்கள் ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் அது எங்கேயோ போய் இடிக்கிறது.

ஸ்டோன்ஹெஞ்சிலும் இதே கதைதான். பார்வையாளர் மையம் கற்களிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் கயிற்றுக்கு வெளியே நின்று ஒரு சுற்று. சாதாரண டிக்கெட்டில் கற்களுக்கு நடுவே போக முடியாது. சிறிய கற்கள் 200 கிலோமீட்டருக்கு அப்பால் வேல்ஸ் மலையிலிருந்து வந்தவை. நடுவில் படுத்துக் கிடக்கும் ஒரு கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியிலிருந்து வந்தது என்று 2024இல்தான் கண்டுபிடித்தார்கள். இதைச் சொல்லவாவது வழிகாட்டி வேண்டாமா?

என் ஆதங்கமே வேறு. ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து 15 கிலோமீட்டரில் சாலிஸ்பரி என்ற ஊர் இருக்கிறது. அதற்குள் நுழையாமலே அந்த கோச் பாத்துக்குப் போய்விட்டது. பிறகு சாலிஸ்பரியை மட்டும் வைத்து நடத்திய ஒரு சிறு குழுவோடு போய்ப் பார்த்தேன். 1220இல் கட்டத் தொடங்கிய பேராலயம். 123 மீட்டர் உயரத்தில் நாட்டிலேயே உயரமான ஊசிக்கோபுரம். அடித்தளமோ நாலடி ஆழம்தான். கோபுரத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தூண்கள் வளைந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். கோபுரம் பின்னாளில் ஏற்றி வைத்த சுமை. 6,000 டன்னுக்கு மேல். தரையில் ஒரு மூடியைத் திறந்து, குச்சியை விட்டு நிலத்தடி நீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். 1386ஐச் சேர்ந்ததாகச் சொல்லும் கடிகாரம் ஒன்று இன்னும் ஓடுகிறது. அதற்கு முகமும் கிடையாது, முள்ளும் கிடையாது. மணி அடிக்க மட்டுமே செய்தது. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தின் எஞ்சிய நான்கு 1215ஆம் ஆண்டுப் பிரதிகளில் ஒன்றும் இங்கேதான் இருக்கிறது. கோபுரத்தில் ஏற 332 படி. முட்டிவலிக்காரர்கள் கீழேயே இருந்துகொள்ளலாம், நான் இருந்துகொண்டேன்.

ஊருக்கு வெளியே ஓல்டு சாரம் என்ற மேடு. பேராலயம் முதலில் அங்கேதான் இருந்தது, இப்போது புல்லில் அடித்தளக் கோடு மட்டும் தெரிகிறது. ஊரே காலியான பிறகும் 1832 வரை அங்கிருந்து இரண்டு பேர் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். அந்த இடத்தை விலைக்கு வாங்கித் தொகுதியையே கையில் வைத்திருந்தவர் யார் தெரியுமா? நம் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1698 முதல் 1709 வரை ஆளுநராக இருந்த தாமஸ் பிட். சென்னையில் இருந்தபோது வாங்கிய 410 காரட் வைரத்தைப் பட்டை தீட்டி 1717இல் பிரான்ஸ் அரசுக்கு விற்றவர். அது இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. பிற்காலத்தில் பிரதமரான பேரன் வில்லியம் பிட் 1735இல் இந்தப் புல்மேட்டின் உறுப்பினராகத்தான் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். சென்னையிலிருந்து போகிறவர்கள் இதைப் பார்க்காமல் திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே முன்பதிவு செய்யும்போது எத்தனை இடம் என்று பார்க்காமல், ஒவ்வோர் இடத்திலும் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். ஸ்டோன்ஹெஞ்சும் சாலிஸ்பரியும் சேர்ந்த பயணம் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் சாலிஸ்பரி. நிலைய வாசலிலேயே ஸ்டோன்ஹெஞ்ச் போகும் சுற்றுலா பஸ் நிற்கும். அது ஓல்டு சாரத்திலும் நிற்கிறது.

இன்னொன்று. வின்ட்சர் கோட்டை செவ்வாய், புதன் கிழமைகளில் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. உள்ளே இருக்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு மட்டும். உங்கள் தகவல் பெட்டியில் இது இல்லை. அடுத்த இதழில் சேர்த்தால், கோடை விடுமுறைக்கு டிக்கெட் போடுகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை