டப்பாவை எடுத்துவிட்டேன்

திருப்பூர்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஈரோடு வரும்போது அவசியம் வந்து பார்க்கிறேன்.

"ஆபீசில் பசங்க போனைக் கீழே வைக்க மாட்டேங்கிறாங்க, நீ என்ன பண்றே?" என்று கேட்டிருந்தாய். நான் பட்டதைச் சொல்கிறேன்.

துணி வாங்கும் பையரின் ஆர்டரைக் கவனிக்கும் என் மெர்ச்சன்டைசிங் பிரிவில் எட்டுப் பேர். ஆடியில் ஒரு நாள் அளவு ஷீட்டில் மார்பளவு 54 செ.மீ. என்பது 52 என்று ஏறிவிட்டது. 600 பீஸ் கட்டிங் ஆன பிறகுதான் தெரிந்தது. ரீல்ஸ் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறான் என்று ஷீட் போட்ட பையனைத் திட்டித் தீர்த்தேன். மறுநாளே வாசலில் பிளாஸ்டிக் டப்பா வைத்து எல்லார் போனையும் வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் மதியம் ஒரு பெண் போனை எடுத்தால், பிள்ளையின் பள்ளியிலிருந்து ஏழு மிஸ்டு கால். பிள்ளைக்குக் காய்ச்சலாம், இரண்டு மணி நேரமாக ஆசிரியர் அறை பெஞ்சில் படுத்திருக்கிறான். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினாள். அந்தத் தூக்கை மூடி வைத்தது நான்தான். அன்றே டப்பாவை எடுத்துவிட்டேன்.

அப்புறம் அந்த ஷீட் தப்பான நாளின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து எண்ணினேன். பத்திலிருந்து ஒரு மணிக்குள் 41 மெசேஜ். 26 என்னுடையது! "லேப் டிப் (சாயச் சாம்பிள்) வந்துதா?" "பட்டன் என்னாச்சு?" "பையருக்கு மெயில் போட்டாச்சா?" அந்தப் பையன் ஷீட் போட்ட முக்கால் மணி நேரத்தில் மட்டும் ஒன்பது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கலிபோர்னியாவில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர், வேலை செய்கிறவர்கள் பக்கத்திலேயே இருந்து நேரம் குறித்துப் பார்த்தவர். 2004-ல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், பின்னாளில் 47 விநாடியாகிவிட்டது என்கிறார். அதில் என் பங்கும் இருக்கிறதே என்றுதான் வருத்தம்.

இப்போது பத்து முதல் பன்னிரண்டு வரை குரூப்பில் யாரும் எழுதுவதில்லை, முக்கியமாக நான். அவசரத்துக்கு லேண்ட்லைன், அந்த நம்பரை வீட்டுக்கும் பள்ளிக்கும் கொடுக்கச் சொல்லிவிட்டேன். கேட்க வேண்டியதை நோட்டில் குறித்து வைத்துப் பன்னிரண்டு மணி டீக்குக் கேட்கிறேன். அதற்குள் பாதி தானாகவே தீர்ந்துவிடுகிறது. சாப்பாட்டுக்கு அப்புறம் ரீல்ஸ் இன்னும் ஓடத்தான் செய்கிறது, அதற்கு எனக்கு வழி தெரியவில்லை. ராத்திரி மெயிலும் அப்படித்தான். ஐரோப்பாவில் மாலை என்றால் நமக்கு ராத்திரி ஒன்பது, பத்து.

டப்பா வாங்குவதற்கு முன்னால் உன் குரூப்பையும் ஒரு நாள் எண்ணிப் பார்த்து எனக்கு எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுப்பிரமணி