குதிரைகள் எங்கள் கணவாய் வழியாகவும் வந்தன

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழங்காலக் குதிரை வணிகம் பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லாரும் மாற்றி மாற்றிப் படித்தோம். நடு ஆசியாவிலுள்ள பெர்கானாப் பகுதியின் குதிரைகளுக்காகச் சீனத்து ஹான் பேரரசர் வூ கி.மு. 104-இல் படை அனுப்பிய கதை நன்றாக வந்திருந்தது. ஆனால் தென்னாட்டுக்கு வந்ததும் கட்டுரை கிழக்குக் கரையில் பாண்டியரின் காயல் துறைமுகத்தோடு நின்றுவிட்டது. மேற்குக் கரையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரனான எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்த பொருள்களைச் சொல்லும்போது கடல்வழி வந்த குதிரைகளை முதலில் வைக்கிறது. அதற்கு அடுத்த வரியே வண்டியில் வந்த மிளகு மூட்டை. மிளகு விளைவது எங்கள் மலைப்பக்கம். அது சோழநாட்டுக்கு வண்டியில் போக வேண்டுமானால், மேற்குத்தொடர்ச்சி மலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகிக் கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயை விட வசதியான வழி எது?

பிற்காலத்தில் அந்த வழியில் குதிரையும் சேர்ந்துகொண்டது என்றே நினைக்கிறேன். சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் ‘மலைமண்டலத்துக் குதிரைச் செட்டி’கள் வருகிறார்கள். மலைமண்டலம் என்றால் இன்றைய கேரளம். இந்த ஈரத்தில் நல்ல குதிரை வளராது. அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியதைத்தான் அவர்கள் கிழக்கே ஓட்டிப் போய் விற்றிருக்க வேண்டும். இன்று பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடுகள் லாரியில் எங்கள் ஊர்ப்பக்கமாக மேற்கே போவதைப் பார்க்கும்போதெல்லாம், இதே மண்ணில் எதிர்த்திசையில் போன அந்தக் குதிரைகள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

வாங்க ஆளுக்கும் பஞ்சமில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசரும் அவருடைய சகோதரர்களும் தலைக்கு 2000-க்கு மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடு மிஞ்சவில்லை என்றும் எழுதுகிறார். வேக வைத்த சோறும் இறைச்சியும் போட்டிருக்கிறார்கள்! லாடம் அடிக்கத் தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கே வரவே விடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை கிடைக்கும்? பாவம், அந்த வாயில்லா ஜீவன்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குதிரையோடு மனிதர்களும் சொற்களும் வந்தன. ராவுத்தர் என்ற சொல்லுக்குக் குதிரை வீரர் என்று பொருள். அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே ‘இராவுத்தனே’ என்று உரிமையோடு கூப்பிடுகிறார். பாலக்காட்டு ராவுத்தர் வீடுகளில் இன்றும் தமிழ்தான் பேச்சு. அரபுக் கடலும் திருப்புகழ்க்காரரும் இந்த ஒரு சொல்லில் சேர்ந்து நிற்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

எங்கள் பிள்ளைகள் கேரளத்தில் தமிழ்வழியில் படிக்கிறார்கள். பட்டுப்பாதை அவர்களுக்குப் பாடத்தில் தெரிகிறது, வீட்டு வாசலில் இருக்கும் பாதை தெரியவில்லை. குதிரைச் செட்டிகளின் கல்வெட்டுகளைப் படித்த அறிஞர் ஒருவரிடம் கேட்டு, மலைமண்டலத்துக்கென்று தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். எந்தெந்த ஊர்க் கோயில்களில் அவை இருக்கின்றன என்ற பட்டியலும் அதில் இருந்தால், கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்