இயற்கைக் கற்களில் இருந்த இலக்கங்களை ஏன் எடுத்துவிட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடந்த இரண்டு கிழமைகளுக்குள் கடைக்கு வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். சவரக்கத்தி தீட்டும் இயற்கைக் கற்கள் இருக்கும் தட்டில், ஒவ்வொரு கல்லிலும் நாங்கள் ஒட்டியிருந்த 8000, 10000, 12000 என்ற இலக்கத் துண்டுகள் இப்போது இல்லை. இலக்கம் கூடக் கூடக் கல் நைசு என்பது கணக்கு. "எது பத்தாயிரம், எது பன்னிரண்டாயிரம் எண்டு இனி எப்படித் தெரியும்?" என்று பலர் கேட்டீர்கள். அந்த இலக்கங்கள் நாங்களே குத்துமதிப்பாக ஒட்டியவை. கேட்பவருக்கு ஏதாவது ஒன்று சொல்ல வேண்டுமே என்று செய்தோம். செய்திருக்கக் கூடாது. வருந்துகிறோம்.

இதை எங்களுக்கு உணர்த்தியவர் முள்ளியவளையிலிருந்து பஸ் ஏறி மூன்று முறை வந்த ஒரு ஐயா. "தம்பி, பன்னிரண்டாயிரம் எண்டுதானே தந்தனீர். பிறகேன் மயிரை இழுக்குது?" என்று கத்தியை மேசையில் வைத்தார். சோலிங்கன் முத்திரை போட்ட ஜேர்மன் கத்தி, அவருடைய அப்பாவினது. 2009 இல் இடம்பெயர்ந்தபோது வளவுக்குள் புதைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து தோண்டி எடுத்தது. மேலே துருவைத் துடைத்து மினுக்கி வைத்திருந்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, கத்தியின் வாய் கறையான் அரித்த ஓலை போல நெடுகக் குழி குழியாக இருந்தது. அந்த வாயை எவ்வளவு நைசான கல்லில் இழுத்தாலும் குழியின் ஓரம்தான் பளபளக்கும்; கூர் வராது. முதல் நாளே கத்தியைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். இலக்கத்தைச் சொல்லிக் கல்லைக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அன்று 1000 இலக்கக் கல்லில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தேய்த்துக் குழிகள் போகும்வரை இரும்பைக் குறைத்தோம். பிறகு அவர் வாங்கிய அதே கல்லில் தீட்டினோம். காதுக்குக் கீழே வெறும் தண்ணீரைத் தடவி ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். மயிரை இழுக்கவில்லை. கல்லில் ஒரு குறையும் இருக்கவில்லை.

தொழிற்சாலைக் கல்லுக்கு இலக்கம் பொருந்தும். தூளை அளவு பார்த்துப் பிரித்தெடுத்துத்தான் அதைக் கல்லாக இறுக்குகிறார்கள். 1000 இலக்கக் கல்லின் துணிக்கை, மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கைவிடச் சற்றுப் பெரிது. 8000 இல் அது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். மலையில் வெட்டிய கல்லை யாரும் பிரித்துச் செய்வதில்லை. ஒரே கற்குழியில் ஒரு சாண் மேலே ஒரு விதம், கீழே வேறு விதம்.

எங்களிடம் அதிகம் போவது பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் எடுக்கும் மஞ்சள் கல், கோட்டிக்கூல். அதற்குள் வெட்டுவது கார்னட் மணிகள். நம் ஊரில் மோதிரத்தில் பதிக்கும் கோமேதகத்தின் இனம். நமது கொக்கிளாய், புல்மோட்டைக் கரை மணலிலும் கார்னட் உண்டு. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் மணல்; கத்தியில் பட்டால் கீறிவிடும். கோட்டிக்கூலில் இருப்பவை அதைவிடப் பல மடங்கு சிறியவை. பல முகம் கொண்ட உருண்டை போன்ற மணிகள் என்பதால் ஆழமாகக் கீறாமல் மேலோட்டமாகச் சீவிக்கொண்டு போகும். அந்த மணிகள் மிருதுவான மைக்காவுக்குள் பதிந்திருக்கின்றன. சிறு துண்டுக் கல்லால் மேலே உரஞ்சினால் பால் போல ஒரு கரைசல் வரும். எங்கள் கடையில் அதைக் கல்லுப்பால் என்போம். பால் தடிப்பாக இருந்தால் கல் விரைவாக வெட்டும். ஆனால் மிதக்கும் மணிகள் கத்தியின் வாயிலும் முட்டிக் கூரைச் சற்று மழுக்கும். ஆகவே தடித்த பாலில் தொடங்கி, துளித் துளியாகத் தண்ணீர் விட்டு இளக்கி, கடைசியில் கல்லைக் கழுவி வெறும் தண்ணீரில் முடிக்க வேண்டும். ஒரே கல் தொடக்கத்தில் ஒரு வேலையும் முடிவில் இன்னொரு வேலையும் செய்கிறது. இதற்கு எந்த இலக்கத்தை ஒட்டுவது?

அமெரிக்காவின் ஆர்கன்சோ கல் வேறு சாதி. ஏறத்தாழ முழுவதும் சிலிக்கா. மணி உதிராது, பால் வராது. மேற்பரப்பைக் கரடாக விட்டால் வெட்டும்; பாவித்துப் பாவித்து வழவழப்பானால் மினுக்கும். அதை அடர்த்தி பார்த்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். ஜேர்மனியின் துரிங்கியாக் கல்லும் ஜப்பானின் கியோத்தோ மலைக் கல்லும் எப்போதாவது பழையது கிடைத்தால் எடுத்து வைக்கிறோம். விலை அதிகம், முதற்கல்லாக நாங்கள் சிபாரிசு செய்வதில்லை.

எந்தக் கல்லை எடுத்தாலும் மூன்று விடயங்கள். கல் மட்டமாக இருக்க வேண்டும்: பென்சிலால் கட்டம் கீறி, கண்ணாடித் தகட்டில் வைத்த வோட்டர் பேப்பரில் தண்ணீரோடு தேயுங்கள். எல்லாக் கோடும் ஒன்றாக அழியும்வரை விடாதீர்கள். இரண்டாவது, கத்தியின் முதுகும் வாயும் எப்போதும் சேர்ந்தே கல்லில் படுக்க வேண்டும். சவரக்கத்தியின் கோணத்தை முதுகின் தடிப்பே தீர்மானிக்கிறது. முதுகைத் தூக்கினால் எல்லாம் போச்சு. அழுத்த வேண்டாம், கத்தியின் பாரம் போதும். வாய் முன்னே போகத் தள்ளும்போது தண்ணீரைப் பாருங்கள். கத்தி சரியாகப் படுத்திருந்தால் வாயின் முன்னே நிற்கும் தண்ணீர் ஒரே கோடாகக் கத்தியின் மேல் ஏறி வரும். ஓரிடத்தில் ஏறாமல் அடியால் வழுகினால் அந்த இடம் இன்னும் கல்லில் படவில்லை. பூதக்கண்ணாடி இல்லாமலே சொல்லும் அடையாளம் இது. மூன்றாவது, தீட்டிய பிறகு கத்தியை இழுக்கும் தோல்வார்: அங்கே முதுகு முன்னே, வாய் பின்னே. மாறினால் வாரும் போகும், கூரும் போகும்.

நமது கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேத்தலில் வெள்ளையாகப் படிவதுதான் கத்தியில் காய்ந்தாலும் படியும். தீட்டி முடிந்ததும் துடைத்து உலர்த்தி, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி பூசி வையுங்கள். மாரியில் இதை ஒரு நாளும் தவறவிட வேண்டாம்.

வளவில் கிடந்த கருங்கல்லைக் கொண்டுவந்து "இதில தீட்டலாமோ?" என்று கேட்பவர்களும் உண்டு. தாக்கத்திக்கும் காட்டுக்கத்திக்கும் தாராளமாகத் தீட்டலாம். அதன் படிகங்கள் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை, சவரக்கத்திக்கு ஆகாது.

சலூன் வைத்திருப்பவர்களுக்கு: இந்தக் கத்தியும் கல்லும் ஒருவர் தன் முகத்துக்குத் தான் பாவிப்பதற்கு. வருபவர்களுக்குச் சவரம் செய்ய ஆளுக்கொரு புது பிளேட் போடும் கத்தியையே பாவியுங்கள். செங்கமாரியின் சில வகைகளும் எச்.ஐ.வி.யும் இரத்தத்தால் பரவும். தீட்டுவதால் கிருமி சாகாது.

இனி இயற்கைக் கல் வாங்க வருபவர்கள் கத்தியையும் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை காலையில் பின் மேசையில் தண்ணீரும் இரண்டு மூன்று கற்களும் இருக்கும். உங்கள் கத்தியை உங்கள் கையாலேயே தீட்டிப் பார்த்து எடுக்கலாம். முன்பு இலக்கத்தை நம்பி வாங்கி மனம் ஒப்பாதவர்கள் கல்லைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். சிட்டை தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, எங்கள் கற்களை எங்களுக்குத் தெரியும். வரும்போது கத்தியை மடித்துக் காய்ந்த துணியில் சுற்றி வாருங்கள், பஸ்ஸில் பைக்குள் திறந்துவிடாமல் மேலே ஒரு நூலும் கட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடையினர்,
ஏ9 வீதி, கிளிநொச்சி