சிவப்புக் கதவு மூடியிருந்தால்…

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கத் தேவாலயங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருவதில்லை, ஆனால் கட்டடத்துக்கு மட்டும் பணத்தைக் கொட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தார் உங்கள் கட்டுரையாளர். கூடவே, மூடிக் கிடக்கும் ஒரு சிவப்புக் கதவின் படம். ஆட்கள் குறைந்தது உண்மைதான், மறுக்கவில்லை. எங்கள் ஆலயத்திலும் பின்வரிசைகள் காலியாகத்தான் இருக்கின்றன. அந்தக் கட்டட விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

நான் திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். இருபது வருடமாக பாஸ்டனுக்கு வெளியே ஒரு சிற்றூரில், எபிஸ்கோப்பல் ஆலயம் ஒன்றுக்குப் போய்வருகிறேன். இது இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த சபை. சுதந்திரப் போர் முடிந்த பிறகு இங்கிலாந்து ராஜாவுக்காக ஜெபம் செய்துகொண்டிருக்க முடியாதே! அதனால் 1789-இல் தனக்கென்று சட்டமும் ஜெபப் புத்தகமும் வகுத்துக்கொண்டது. ஆராதனை முறை கிட்டத்தட்ட எங்கள் ஊர் முறைதான். ஒரு சொல்தான் என்னை ஏமாற்றியது. ஊரில் வெஸ்ட்ரி என்றால் ஐயர், அதாவது குருவானவர், அங்கி மாற்றுகிற அறை. இங்கே அது சபையார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி. “வெஸ்ட்ரிக்கு வருகிறீர்களா?” என்று கேட்டபோது, அறையைக் கூட்டிப் பெருக்க ஆள் தேடுகிறார்கள் என்று நினைத்து உடனே சம்மதித்துவிட்டேன். அப்படித்தான் எங்கள் ஆலயத்தின் புதுப்பிப்பு வேலை முழுவதையும் உள்ளிருந்து பார்க்க நேர்ந்தது.

கட்டுரையாளர் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தை உதாரணம் காட்டியிருந்தார். 1907-இல் அடிக்கல் நாட்டி 83 வருடம் கட்டி, 1990-இல் முடித்தார்கள். 2011 ஆகஸ்டு நிலநடுக்கத்தில் உச்சிக் கற்கள் உடைந்து விழுந்தன, பழுதுபார்ப்பு இழுத்துக்கொண்டே போகிறது. அதை வைத்து ஊர்ச் சபைகளை அளப்பது, தஞ்சைப் பெரிய கோயிலின் செலவைக் காட்டித் தெருமுனைப் பிள்ளையார் கோயிலைத் திட்டுகிற மாதிரி.

பாஸ்டனின் டிரினிட்டி ஆலயத்தை எடுத்துக்கொண்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். 1872 தீ விபத்தில் பழைய ஆலயம் போனபிறகு, நீர்ப்பகுதியைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் 1877-இல் கட்டி முடித்தது அது. கீழே சுமார் 4,500 மரத்தூண்கள். மரம் தண்ணீரில் முங்கியே இருந்தால் உளுக்காது. நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப் பட்டால்தான் ஆபத்து. அதனால் அங்கே நீர்மட்டத்தைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கிறார்கள். பக்கத்தில் வானளாவிய கட்டடம் ஒன்றுக்குக் குழி தோண்டியதில் ஆலயத்துக்குச் சேதம் வந்து, வழக்கு நடத்தி ஜெயித்ததும் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது 2000-களின் தொடக்கத்தில் நடந்த வேலையை. ஆலயத்துக்கு அடியில் சும்மா கிடந்த இடத்தைச் சபையார் கூடுகிற இடமாக மாற்றினார்கள். போய் உட்கார்ந்தால், கோபுரத்தைத் தாங்குகிற பிரமிடு மாதிரிக் கருங்கல் அஸ்திவாரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். மேலே ஓவியங்களை மட்டும் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லியிருக்கலாம், அவர்கள் சொல்லவில்லை.

எங்களுடையது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுகூட இல்லாத ஆலயம். பிரச்சினைகள் என்னவோ பெரிய ஆலயத்துப் பிரச்சினைகள்தான். கூரைப் பலகைக் கற்கள் நழுவின. கொதிகலன் குளிர்காலத்துக்கு ஒரு தடவை செத்துப் பிழைத்தது. சரி, தொடங்கலாம் என்று ஹாலின் தரை ஓட்டைப் பெயர்த்தால் அடியில் ஆஸ்பெஸ்டாஸ்! அதை அகற்றத் தனியாக ஆள், தனியாகப் பணம், மூன்று மாதம் தாமதம். கடன் வாங்கலாம் என்றால் அதுவும் நாங்களே முடிவு செய்ய முடியாது. சபைச் சொத்தை அடமானம் வைக்கப் பேராயரும் திருமண்டலத்தின் (அவருக்குக் கீழுள்ள சபைகளின் வட்டாரம்) நிலைக்குழுவும் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். அன்று எரிச்சலாக இருந்தது. ஊரில் சபைச் சொத்து வழக்குகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பிறகு யோசித்தபோது அந்த விதி நல்லதாகவே பட்டது.

பெரிய சண்டை பெஞ்சுகளுக்காக நடந்தது. பழைய ஓக் பெஞ்சுகள், முனையில் சிறு பித்தளை எண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல சபைகளில் குடும்பங்கள் வாடகை கட்டி இருக்கையைப் பிடித்துக்கொள்வார்கள், அந்த எண்கள் அதன் மிச்சம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நாற்காலி போடலாம் என்றது ஒரு கட்சி. கூடாது என்ற கட்சியில் நான் கத்திக்கொண்டிருந்தேன். பாதிக் கூட்டத்தில்தான் எனக்கே சிரிப்பு வந்தது. நான் வளர்ந்த ஆலயத்தில் பெஞ்சே கிடையாது! பெண்கள் பக்கம் பாய் விரித்திருக்கும், பாட்டி மடியில் படுத்துக்கொண்டு பிரசங்கம் முழுக்கத் தூங்கியிருக்கிறேன். கடைசியில் பின்னால் இரண்டு வரிசையை எடுத்தோம். நடுவில் மூன்று பெஞ்சுகளைக் குட்டையாக வெட்டிச் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டோம். பின்னால் தனியாக ஓர் ஓரத்தில் இல்லாமல், நாலு பேர் நடுவே.

அந்த நடு என்பதில் பிடிவாதமாக இருந்தது எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு சக்கர நாற்காலியில் வருபவர். பழைய சாய்தளம் பக்கவாட்டுக் கதவில், குப்பைத் தொட்டிகளை ஒட்டி இருந்தது. தன் கணவரின் அடக்க ஆராதனைக்கு அந்தக் குப்பைத் தொட்டிகளைத் தாண்டித்தான் உள்ளே வந்ததாகக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், சமய அமைப்புகளின் கட்டடங்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. அதைக் காட்டிச் செலவைக் குறைக்கலாம் என்று அதுவரை பேசியவர், அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

யார் எந்தக் கதவால் வருவது, எங்கே உட்காருவது என்பது எபிஸ்கோப்பல் சபைக்குப் புதிய கேள்வியும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவில் ஒரு மெத்தடிஸ்ட் ஆலயத்தை விரிவாக்கினார்கள். கறுப்பின விசுவாசிகளும் காசும் உழைப்பும் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் அவர்களை மேல்மாடத்துக்குப் போகச் சொன்னார்கள். முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸைப் பிடித்து இழுத்தார்கள். கறுப்பின விசுவாசிகள் எல்லோரும் எழுந்து வெளியேறினார்கள். 1794-இல் அவர்கள் எழுப்பிய புனித தோமா ஆலயம் எபிஸ்கோப்பல் சபையில் சேர்ந்தது. ஜோன்ஸ் அச்சபையின் முதல் கறுப்பினக் குருவானவரானார். பிப்ரவரி 13 அவருடைய நினைவு நாள். நம்மூர் ஆலயங்களில் சாதி பார்த்து உட்கார்ந்த கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் சமையலறை. எனக்குப் பேச விட்டால் கடிதம் முழுக்க இதுவாகவே இருந்திருக்கும். பழைய சமையலறையில் புகைபோக்கி கிடையாது. ஊர் ஆலயத்தில் எல்லோருக்கும் போடும் அசன விருந்து மாதிரி ஒரு சாப்பாடு போடலாம் என்று ஒருமுறை நான் மிளகாய் தாளித்ததில், தீ எச்சரிக்கை மணி அடித்து வண்டியே வந்துவிட்டது. இப்போது முறைப்படி புகைபோக்கி, மூன்று தொட்டிக் கழுவுமிடம், எண்ணெய் வடிகட்டி எல்லாம் உண்டு. சபையில் பலருக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது, காபிக்கும் கேக்குக்கும் எதற்கு இவ்வளவு என்று. ஆனால் வாரம் ஒருநாள் இலவச உணவுப்பொருள் வழங்குகிறோம், மாதம் ஒருமுறை சுடச்சுடச் சாப்பாடு. வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஞாயிறு ஆராதனைக்கு வந்ததே இல்லை, வரச்சொல்லி நாங்கள் கேட்பதுமில்லை.

செவ்வாய் இரவில் குடியை விட்டவர்களின் கூட்டம். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்துக்கும் எபிஸ்கோப்பல் சபைக்கும் பழைய உறவு உண்டு. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், நியூயார்க்கின் கால்வரி ஆலயக் குருவானவர் சாமுவேல் ஷூமேக்கரிடம் நிறையக் கற்றுக்கொண்டவர். ஹாலில் வேலை நடந்தபோது இவர்களை வேறு இடம் பார்க்கச் சொல்ல மனம் வராமல், ஆலயத்துக்குள்ளேயே கூடச் சொன்னோம். காபிப் பாத்திரத்தை ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். தொட்டியின் மூடி மேல் சர்க்கரை டப்பாவைப் பார்த்த நாளில் நானும் சுளித்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மாதங்களில் வாரத்தின் எந்த நாளையும்விட அங்கே ஆட்கள் அதிகம் இருந்தது செவ்வாய்க்கிழமைதான்.

உங்கள் கட்டுரையாளர் ஞாயிறு காலைத் தலைகளை மட்டும் எண்ணியிருக்கிறார். அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் செவ்வாய் மாலை ஏழு மணிக்கு வரச்சொல்லுங்கள், டீ போட்டு வைக்கிறேன். சாய்தளம் இப்போது முன்புறம், எங்கள் சிவப்புக் கதவுக்கே போகிறது. அந்தக் கதவு வார நாளில் பூட்டியிருக்கும், மணியை அடித்தால் திறப்போம். நடக்க முடிந்தவர்கள் இன்னும் பக்கவாட்டுக் கதவால்தான் வருகிறார்கள். கார் நிறுத்துமிடம் அங்கேதான் இருக்கிறது. குப்பைத் தொட்டிகளும் அங்கேயேதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாஸ்டன் புறநகர், மாசசூசெட்ஸ்