ஊட்டிக் குளிர் மட்டும் சர்வரைக் காக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல சர்வர் கணினிகளை ஒரே இடத்தில் இயக்கும் டேட்டா சென்டர்களை நீலகிரிக்குக் கொண்டுவந்தால் ஏசி செலவே இருக்காது என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. அதில் பாதி உண்மை. மீதியைக் கணக்கில் எடுக்காமல் அறை கட்டினால் கருவிகள் கெட்டுப்போகும்.

சர்வரின் சூட்டை வெளியேற்றுவதில் காற்றின் குளிர்ச்சி எவ்வளவு முக்கியமோ, அதன் அடர்த்தியும் அவ்வளவு முக்கியம். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரே வெப்பநிலையில், கடல்மட்டத்தைவிட இங்கே ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய கால்வாசி குறைவு. ஒரு கிலோவாட் சூட்டை, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 10 டிகிரி வித்தியாசத்தில் வெளியேற்ற, கடல்மட்டத்தில் மணிக்குச் சுமார் 300 கன மீட்டர் காற்று போதும். ஊட்டியில் 390 வேண்டும். குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் (ASHRAE) வழிகாட்டுதலும் இதற்காகவே, ஏ2 என்று அது வகைப்படுத்தும் சர்வர்களுக்குள் போகும் காற்றின் 35 டிகிரி உச்ச வரம்பை, 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறைக்கச் சொல்கிறது. ஊட்டிக்கு அது 30.5 டிகிரி. வெளியே அவ்வளவு சூடு ஏறாதுதான். ஆனால் பூட்டிய சிறிய அறையில், ரேக்கின் (சர்வர்களை அடுக்கும் சட்டத்தின்) பின்பக்கச் சூடு முன்பக்கம் சுற்றி வந்தால் எளிதாக ஏறிவிடும். ரேக்கில் காலி இடங்களைத் தகடு போட்டு மூடுவது அதனால்தான் அவசியம்.

இதைவிடப் பெரிய சிக்கல் மூடுபனி. தென்மேற்குப் பருவத்தில் 14 டிகிரியில் நூறு சதவீத ஈரத்தோடு வரும் காற்றை நேராக உள்ளே விட்டால் ஃபில்டர் நனைந்து அடைத்துக்கொள்ளும். சர்க்யூட் போர்டில் தூசியும் ஈரமும் சேர்ந்து ஒட்டி மின்கசிவும் அரிப்பும் உண்டாகும். இதற்குத் தீர்வு சர்வரிடமே இருக்கிறது. நீர்த்துளிகளைப் பிடிக்கும் மடிப்புத் தகடுகளை முதலில் வைத்து, பின்னால் மெர்வ் 8, அடுத்து மெர்வ் 13 ஃபில்டர் போட வேண்டும் (மெர்வ் எண் கூடக்கூட ஃபில்டர் நுண்ணிய தூசியையும் பிடிக்கும்). பிறகு சர்வர் வெளியே தள்ளும் சூடான காற்றில் ஒரு பகுதியை டேம்பர் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் மடல்) வழியாக இதோடு கலந்து 22 டிகிரிக்குக் கொண்டுவந்தால், ஈரப்பதம் சுமார் 60 சதவீதமாக இறங்கிவிடும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் தேவையில்லை. டேம்பரை இயக்கும் சென்சார் ரேக்கின் முன்பக்கம் இருக்க வேண்டும். சுவரில் மாட்டினால் பயனில்லை.

பள்ளிகளிலும் சிறு அலுவலகங்களிலும் மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறார்கள். இரவில் குளிர்ந்துபோன இரும்புப் பெட்டிமேல், காலையில் ஜன்னல் திறந்ததும் வரும் ஈரக்காற்று முத்து முத்தாகப் படியும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் போர்டு போய்விடும். மழை மாதங்களில் சர்வரை இரவிலும் ஓடவிட்டு, ஜன்னலை மூடி வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்களில் சிப்பின்மேல் தண்ணீர் ஓடும் தகடு வருகிறது. உயரத்தால் அதற்குப் பெரிய பாதிப்பில்லை. டிசம்பர், ஜனவரி உறைபனிக்காக வெளிக்குழாய்த் தண்ணீரில், உறையாமல் தடுக்கும் கிளைக்கால் திரவம் கலக்க வேண்டும், அவ்வளவே.

மின்சப்ளை பெட்டிகளையும் பார்க்க வேண்டும். காற்று மெலிந்தால் அதன் மின்காப்புத் திறனும் குறையும். அதனால் பல பெட்டிகளில் மலைப் படத்தோடு 2000 மீட்டர் வரைதான் என்ற குறி இருக்கும். குன்னூருக்கு அது சரி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சரியல்ல. சமவெளிக்கு எழுதிய டெண்டரை அப்படியே நகலெடுக்காமல், கருவி நிற்கப்போகும் உயரத்தை முதல் வரியிலேயே எழுதி, அதற்கேற்ற யூபிஎஸ், மின்விசிறிக் கணக்கை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சர்வர் அறைப் பராமரிப்புப் பொறியாளர்கள்,
உதகமண்டலம்.