சிறு டிரெய்லர் குறித்துத் தாண்டிக்குடி நண்பனுக்கு

கோத்தகிரி,
ஐப்பசி மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழையில் தேயிலைக் கொழுந்து ஓயாமல் வந்துகொண்டிருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. மலைவாழைத் தார்களைப் பட்டிவீரன்பட்டிக்கு இறக்க ஒவ்வொரு முறையும் வாடகைக்கு வண்டி பிடித்து அலுத்துப்போய், உன் ஜீப்புக்குப் பின்னால் பூட்டிக்கொள்ள ஒரு சிறு டிரெய்லர் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். ஒன்றைச் செய்து, பிரித்து, மறுபடியும் செய்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதல் டிரெய்லரைச் சமவெளியில் ஒரு பட்டறையில் கட்டக் கொடுத்தேன். டிராக்டர் டிரெய்லர் கட்டிப் பழகிய கை. எனவே சட்டம் முழுவதையும் 75 மி.மீ. சானலில் (‘ப’ வடிவ இரும்புச் சட்டம்) போட்டு, அடியில் இரும்புத் தகடு விரித்து, பார்ப்பதற்குக் கோட்டை மாதிரி முடித்துக் கொடுத்தார்கள். எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் வெறும் வண்டியே 260 கிலோ. அதை இழுக்கும் என் மாருதி ஜிப்சி ஜீப்பே ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவுதான். பிரேக் இல்லாத டிரெய்லர், சுமையோடு சேர்த்து, இழுக்கும் வண்டியின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது, எப்படியும் 750 கிலோவுக்கு மேல் போகவே கூடாது என்பது பிரிட்டனில் உள்ள விதி. நம் மலைச் சரிவுக்கு அதுவே தாராளமான கணக்கு என்பேன். அப்படிப் பார்த்தால், ஒரு மூட்டை ஏற்றுவதற்கு முன்பே எனக்கு உரிய கணக்கில் பாதிக்கு மேல் இரும்பே தின்றுவிட்டது.

இரண்டாம் முறை உள்ளூர் வெல்டர் ஒருவரைத் தோட்டத்துக்கே வரவழைத்துப் பக்கத்தில் நின்று செய்வித்தேன். அந்தச் சானல் மீட்டருக்கு ஏறத்தாழ ஏழு கிலோ, 3 மி.மீ. கனமுள்ள 40 மி.மீ. சதுரக் குழாய் மூன்றரைக் கிலோதான். அடித்தளத்துக்கு 12 மி.மீ. நீர் தாங்கும் பிளைவுட். பக்கங்களுக்குத் தகடு வேண்டாம் என்று கம்பிவலை அடித்ததற்கு எடை மட்டும் காரணமில்லை: கொழுந்து காற்றில்லாமல் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்து, தொழிற்சாலையில் விலை போகாது. சக்கரங்கள் பழைய மாருதி 800-இன் 12 அங்குலச் சக்கரங்கள். டயரின் பக்கவாட்டில் 69 என்ற எண் பொறித்திருந்தால் ஒன்று 325 கிலோ வரை தாங்கும் என்று பொருள். நமக்கு அது போதும். இப்போது ஆறடிக்கு நாலடி வண்டி, லீஃப் ஸ்பிரிங்கோடு சேர்த்து 140 கிலோவில் நிற்கிறது.

எடை குறைந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணியது என் பிழை. தோட்டப் பாதையில் முதல் நாள், இறக்குவதற்கு வசதியாக உர மூட்டைகளை வால்பக்கமே அடுக்கிவிட்டேன். இறக்கத்தில் டிரெய்லரின் மூக்கு மேலெழும்பி, வால் இப்படியும் அப்படியும் வீசத் தொடங்கி, ஒரு சக்கரம் ஓடைக்குள் இறங்கியது. அன்று கற்றுக்கொண்ட கணக்கு இது: மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையான பங்கு, ஜீப்போடு பூட்டும் கொக்கியின் மீது அழுந்தி நிற்க வேண்டும். நானூறு கிலோவுக்கு இருபது முதல் நாற்பது. ஆள் எடை பார்க்கும் மெஷினை நான்கு செங்கல் மீது வைத்து, வண்டியில் பூட்டியிருக்கும்போது உள்ள அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டையால் முட்டுக் கொடுத்து, டிரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்கினேன். முள் முப்பதில் நிற்கும்வரை மூட்டைகளை ஒவ்வொன்றாக முன்னுக்கு நகர்த்தினேன். அந்த இடத்தில் பலகையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு கிழித்திருக்கிறேன்; ஏற்றுகிறவர்களுக்கு அந்தக் கோடுதான் சட்டம்.

வீட்டில் அதற்குக் 'கன்றுக்குட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இறக்கத்தில் தாயை முட்டித் தள்ளுவதால் பொருத்தமான பெயர்தான். ஏறும்போது எந்தக் கியர் தேவையோ அதிலேயே இறங்கு. பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரின் சக்கரம் ஜீப்பின் பின்சக்கரத்தைவிட உள்வாங்கியே வரும். டிரெய்லரைக் கொக்கியோடு இணைக்கும் முன்தண்டு நீள நீள இன்னும் உள்வாங்கும். அதற்காக ரொம்பவும் குட்டையாக வைத்தாலும் ரிவர்ஸ் எடுக்கையில் நொடியில் மடங்கிவிடும், முனை பம்பரில் இடிக்கும். நான் நான்கடி வைத்திருக்கிறேன். காப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காகப் போடு. கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அதில் தாங்கும்.

இன்னொன்று: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம், அதற்குத் தனிப் பதிவு வேண்டும், இழுக்கும் வண்டியின் எண்ணும் அதன் பின்னால் தெரிய வேண்டும். இரும்பு வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரைபடத்தோடு போய்க் கேட்டுவிடு. பதிவு கைக்கு வரும்வரை நான் தோட்டப் பாதையைத் தாண்டவில்லை.

உன் சரக்கு கொழுந்தைப் போலப் பெருத்து லேசாக இருப்பதில்லை, தார் கனம். ஆகவே ஐந்தடி நீளமே உனக்குப் போதும், இடம் அதிகமிருந்தால் ஆசையும் அதிகமாகும். தார்களுக்கு இடையே வாழைச் சருகைத் திணித்தால் கம்பிவலை தோலைக் கீறாது. உன் ஜீப்பின் பின்பம்பர் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது. டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்க அந்த அளவு வேண்டும். வெல்டருக்கு நானே வரைபடம் போட்டு அனுப்புகிறேன்.

உன் அன்பு நண்பன்